அக்கா காட்டூரில் எழுப்பிய பெண்கள் வீடு

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. திதி முடிந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டே இந்த நினைவு மலரைப் புரட்டப்போகும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். எழுத வேண்டியது நான்தான் என்று காட்டூர் இல்லத்துப் பெண்கள் சொன்னபோது நழுவப் பார்த்தேன். பொன்மலை ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். உதிரிச் சாமான்களைப் பற்றி எழுதச் சொன்னால் எழுதுவேன். அவர்கள் விடவில்லை. அக்காவிடம் பழகியவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்?

அக்கா பிறந்தது உறையூரில். அப்பா அங்கே சின்னதாக நூல்கடை வைத்திருந்தார். அக்காவுக்குப் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதன் பிறகு நான் பிறந்ததால், என்னைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டே திரிந்தது அக்காதான். என்னைச் சுமந்துதான் தன் இடுப்பு கோணிப்போனது என்று பிற்காலத்தில் இல்லத்துப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார். நான் பக்கத்தில் இருக்கும்போது கொஞ்சம் உரக்கவே சொல்வார்.

எட்டாவது வரை படித்தார். வகுப்பில் முதல் மாணவி. அதற்கு மேல் படிக்க வைப்பதா என்று அப்பா யோசித்துக்கொண்டிருக்கும்போதே லால்குடியிலிருந்து வரன் வந்துவிட்டது. அத்தான் நல்ல மனிதர். அக்காவை ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர் என்று அக்காவே பலமுறை சொல்லியிருக்கிறார். டைபாய்டு காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு உறையூர் திரும்பினார்.

உறவினர்கள் கூடிப் பேசினார்கள். வீட்டோடு இருக்கட்டும், நாளைக்குத் தம்பிக்குக் கல்யாணமானால் அவன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். எனக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. பிறக்காத என் பிள்ளைகளுக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டார்கள். அக்கா யாரிடமும் வாதாடவில்லை. அப்பாவிடம் மட்டும் தனியாகப் பேசி, விட்ட படிப்பைத் தொடர்ந்து, ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்துவிட்டார். சுதந்திரம் வந்து சில வருஷங்களில் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலையும் கிடைத்தது.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு உறையூர் வீடு கைவிட்டுப் போயிற்று. எனக்குத் திருமணமாகிப் பொன்மலையில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. அதில் நான், என் மனைவி, கைக்குழந்தை, ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார். அக்கா சமையற்கட்டில் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டுப் படுத்துக்கொள்வார். விடிவதற்குள் எழுந்து, பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி, காவிரிப் பாலம் தாண்டிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் தனியாக வீடு பார்க்கப்போவதாக அமைதியாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நான் இருக்கும்போது அக்கா தனியாகக் குடியிருந்தால் ஊர் என்ன சொல்லும் என்று கத்தினேன்.

"ஊர் சொல்றதை ஊர் சொல்லட்டும்டா தம்பி. எனக்குக் கால் நீட்டிப் படுக்க ஒரு இடம் வேணும்" என்றார்.

கத்திய நானே வீடு பார்க்கக் கூடவே போனேன். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான். வீட்டில் ஆம்பளை யார்? சம்பளம் என்ன, எந்தப் பள்ளி என்றெல்லாம் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டார்கள். விதவை, தனியாள் என்று தெரிந்ததும் சிலருக்கு அந்த மாதமே வீட்டில் வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. சிலருக்குத் திடீரென்று ஊரிலிருந்து மருமகன் வருவதாக இருந்தது. கடைசியில் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு வீடு அமைந்தது. சொந்தக்காரர் உள்வீதியில் குடியிருந்த ஐயங்கார். வயதானவர், நெற்றி நிறையத் திருமண் துலங்க இருப்பார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்: "ஆத்துல புருஷா யாரு?" நான்தான் என்று ஓர் அடி முன்னால் வந்து நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் பேரில் வாடகைப் பத்திரம் எழுதினார். பத்திரப்படி நான் அந்த வீட்டின் தலைவன். நடப்பில், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து போகும் விருந்தாளி.

அந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவர் ஆரோக்கியமேரி. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் அம்மாவைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவர். பாலக்கரையில் தூரத்து உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். அங்கே இனி இருக்க முடியாது என்று ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். என்ன காரணம் என்று அக்கா கேட்கவில்லை. பெட்டி எங்கே என்று மட்டும் கேட்டார். பின்னால் அதுவே வீட்டின் முதல் சட்டமாயிற்று: ஏன் வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

அடுத்து டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த சுலோசனா கரூரிலிருந்து வந்தார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு டைப்பிஸ்ட் பெண் வந்தாள். தையல் டீச்சர் ஒருவர் வந்தார். நர்சுக்கும் டெலிபோன்காரருக்கும் வேலை நேரம் ஒரு நிலையில் இருப்பதில்லை. ஆகவே அக்கா வாசல் கதவுக்குச் சாவிகள் செய்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார். பெண்பிள்ளைகள் கையில் வாசல் சாவியா என்று என் மாமனார் மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் இருந்தார். ஐயங்காரிடமும் அக்கா எதையும் மறைக்கவில்லை. இன்னார் இன்னார் வந்திருக்கிறார்கள், இன்ன வேலை பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். தம்பி பொறுப்பு என்றால் சரி என்று அவரும் இருந்துவிட்டார்.

இந்த இடத்தில் செருப்பு விவகாரத்தை எழுதியே ஆக வேண்டும். கௌரவமான மலரில் செருப்பைப் பற்றி எழுதுவதா என்று என் மனைவி தடுத்தாள். அது இல்லாமல் காட்டூர் இல்லமே கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

ஐயங்காரின் மனைவி தினமும் காவிரிக்குக் குளிக்க அந்த வழியாகத்தான் போவார். நல்ல மனுஷி. வாசலில் நின்றபடியே அக்காவோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். பெண்களாகவே இருக்கிறார்களே என்ற கவலையில் ஒரு நாள் யோசனை சொன்னார்: "வாசல்ல ஒரு புருஷா செருப்பு கிடக்கட்டுமே. கண்டவாளும் எட்டிப் பார்க்க மாட்டா." அக்காவுக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. மற்ற பெண்களுக்குப் பிடித்துவிட்டது. என் பழைய செருப்பைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். என் மனைவி சிக்கனக்காரி. நான் போட்டுத் தேயும் வரை என் செருப்பைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன் அப்பாவின் பழைய செருப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். எனக்கு இது தெரியாது.

செருப்பு வாசலில் கிடந்தது. சுலோசனா எதைச் செய்தாலும் முழுசாகச் செய்பவர். அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தால் யார் நம்புவார்கள் என்று, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதை எடுத்துத் திருப்பி வைப்பார். காலையில் வெளியே பார்த்துக் கிடக்கும் செருப்பு, சாயங்காலம் உள்ளே பார்த்துக் கிடக்கும். மழை பெய்தால் அதில் கொஞ்சம் சேறுகூடப் பூசிவைப்பார். அம்மா மண்டபம் ரோடு குளிக்கப் போகிறவர்களும் வருகிறவர்களும் ஓயாத ரோடு. அத்தனை பேருடைய கண்ணும் அந்தச் செருப்பின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. தம்பி என்று சொல்லப்படுகிறவன் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறான். அப்படியானால் வாரம் முழுக்க உள்ளே போவதும் வருவதுமாக இருக்கும் ஆண்பிள்ளை யார்? கேள்வி வீதி வீதியாகச் சுற்றி ஐயங்காரின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இலையில் உட்கார்ந்திருந்தபோது ஐயங்கார் இரண்டு பெரியவர்களோடு வந்துவிட்டார். யாருடைய செருப்பு என்றார். என்னுடையது என்றேன், கொஞ்சமும் தயங்காமல். வந்தவர்களில் ஒருவர், அப்படியானால் போட்டுக் காட்டுங்கள் என்றார். எச்சில் கையோடு எழுந்து போய்க் காலை நுழைத்தேன். என் மாமனார் ஆஜானுபாகுவான மனிதர். அந்தச் செருப்புக்குள் என் கால் போக, இன்னொரு கால் போக இடம் இருந்தது. நாலடி நடந்தேன், செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. பெரியவர்களில் ஒருவர் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

அக்கா உள்ளேயிருந்து வந்தார். என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு ஐயங்காரிடம் பேசினார்.

"அது யார் செருப்பும் இல்லீங்க. பொம்பளைங்க மட்டும் இருக்கோம்னு யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நாங்களே போட்டு வச்சது. யார் சொல்லிப் போட்டோம்னு உங்க வீட்டுலயே கேட்டுக்கங்க. இனிமே அது இங்க இருக்காது."

ஐயங்கார் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அவர் மனைவி ஒப்புக்கொண்டுவிட்டார். மறுநாளே ஐயங்கார் வருத்தத்தோடு திரும்பி வந்தார். தமக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, ஆனால் வீதி வாயை மூட முடியவில்லை, தை பிறப்பதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். செருப்பு மாமனாரிடம் திரும்பிப் போயிற்று. வாசலில் என் பெயர் எழுதி மாட்டியிருந்த பலகையையும் அக்கா அன்றைக்கே கழற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு அக்கா வீடு தேடிய விதம் வேறு. நான் கூட வர வேண்டாம் என்றார். கதவைத் தட்டியதும் முதல் வார்த்தையாக, குடியிருக்கப் போவது பெண்கள் மட்டும், ஆண் யாரும் கிடையாது என்று சொல்லிவிடுவார். பொய்யில் நின்ற வீடு ஒரு செருப்பில் விழுந்துவிட்டது, இனி அந்த வேலையே வேண்டாம் என்பது அவருடைய முடிவு. இப்படிச் சொன்னால் எந்த ஊரில் வீடு கிடைக்கும்? தில்லைநகர், புத்தூர், உறையூர் என்று அலைந்ததுதான் மிச்சம்.

இதற்கிடையில் புதுக்கோட்டை டைப்பிஸ்ட் பெண்ணின் அப்பா வந்தார். வீடு காலியாகப் போகும் செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று மகளைக் கையோடு அழைத்துப் போய்விட்டார். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். போகும்போது டைப் அடிக்கும் விரல்களை மடக்கிக்கொண்டு அழுதாள். அவள் பெட்டி இருந்த இடத்தை அக்கா பெருக்கி முடித்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "தங்க இடம் இல்லேன்னா இவங்களுக்கு வேலை இல்ல. வேலை இல்லேன்னா இவங்க கையில எதுவுமே இல்ல. யாரோட வீட்டுலயோ இருக்கற வரைக்கும் இது இப்படித்தான் நடக்கும் தம்பி."

சொந்தமாகக் கட்டிவிடுவது என்று அக்கா தீர்மானித்தது அன்றுதான். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஓர் ஆசிரியை, ஒரு நர்ஸ், ஒரு டெலிபோன் ஆபரேட்டர், ஒரு தையல் டீச்சர் சேர்ந்து கட்டிடம் கட்டுவதாவது? ஆனால் அக்காவின் பள்ளித் தலைமையாசிரியை அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவருக்குத் தஞ்சாவூர் ரோட்டில் காட்டூரில் பிதுரார்ஜிதமாகக் கொஞ்சம் நிலம் இருந்தது. அப்போது காட்டூர் என்பது நாலைந்து வீடும் மீதி வயலும்தான். பணத்தை முடிந்தபோது கொடுங்கள், நிலத்தை எழுதித் தருகிறேன் என்றார். பணக் கணக்கை இங்கே எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். தை பிறந்ததும் ஆரோக்கியமேரியின் ஏற்பாட்டில் பாலக்கரையில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தின் பழைய கொட்டகை ஒன்றில் எல்லோரும் ஒண்டிக்கொண்டார்கள். ஒழுகாத மூலை எது என்று தேடிப் படுத்த காலம் அது.

நிலத்தை வாங்கச் சங்கம் ஒன்று பதிவு செய்ய வேண்டியிருந்தது. தலைவர் யார் என்று பேச்சு வந்தபோது நான் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் தலைவனாக இருந்து பழகியவன் அல்லவா? அக்கா என் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு முகம் வாடிவிட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பாலக்கரைப் பக்கமே போகவில்லை. அக்காவே பொன்மலைக்கு வந்துவிட்டார்.

"உன் மேல கோபமில்ல தம்பி. உன் பேர் இருந்தா, நீ இல்லாத அன்னிக்கு அந்த வீடும் இருக்காது. என் பேரும் வேண்டாம்னுதான் சொல்லியிருக்கேன். அங்க குடியிருக்கறவ யாரோ அவ பேருதான் இருக்கணும். அவ போனா அடுத்து வர்றவ பேரு."

அன்று எனக்கு அது முழுசாகப் புரியவில்லை. ஆனாலும் கோபம் போய்விட்டது. அவர் கொண்டுவந்திருந்த மைசூர்பாகும் அதற்கு ஒரு காரணம்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த காலத்தில் காட்டூரில் கடைக்கால் தோண்டினார்கள். சுவருக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைக்க வசதியில்லை. விடுமுறை கிடைத்தவர்கள் முறை வைத்துக் காட்டூருக்குப் பஸ் ஏறுவார்கள். ஆரோக்கியமேரி இரவு டியூட்டி முடித்த கையோடு வந்து குடத்தைத் தூக்குவார். கொத்து மேஸ்திரி நல்ல வேலைக்காரர்; ஆனால் எதைக் கேட்பதானாலும் "ஐயா எங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். நான் போகும்போதெல்லாம் என்னைப் பிடித்துக்கொள்வார். ஜன்னலைத் தலைக்கு மேலே வைத்துவிடலாமா, வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது என்று என்னைக் கேட்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது. நான் தலையாட்டுவதற்குள் அக்கா வந்துவிட்டார். உட்கார்ந்தபடியே ரோட்டைப் பார்க்கும் உயரத்தில் ஜன்னல் இருக்க வேண்டும், நாம் என்ன ஜெயிலா கட்டுகிறோம் என்றார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் அக்காவைக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் "ஐயா"வை விட்டுவிட்டு "அம்மா எங்க?" என்று கேட்கத் தொடங்கினார். காட்டூர் வீட்டின் தாழ்ந்த ஜன்னல்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஓடு வேய்ந்த ஆறு அறைகள், ஒரு கூடம், ஒரு கிணறு, ஒரே சமையலறை. சமையலறையில்தான் முதல் சண்டை வந்தது. மீன் சமைக்கலாமா கூடாதா என்று. காந்தி மார்க்கெட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வரும் ஆரோக்கியமேரி ஒரு பக்கம். மூக்கைப் பொத்திக்கொள்ளும் தையல் டீச்சர் ஒரு பக்கம். அக்கா பின்புறம் கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டு இன்னோர் அடுப்பு வைத்துக் கொடுத்தார். சில மாதங்களில் தையல் டீச்சர் அந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டு, தன் பங்குக்கு அப்பளம் சுட்டுக் கொடுத்ததை நானே பார்த்தேன்.

திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை வந்தபோது எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து இறங்கினார்கள். ஆபீஸ் வேலைக்குப் பெண்களும் வந்தார்கள். மதுரை, சேலம், திருநெல்வேலி என்று பல ஊர்ப் பேச்சு அந்தக் கூடத்தில் கேட்டது. இடம் போதாமல் இன்னொரு பகுதி கட்டினார்கள். அதுவும் போதாமல் பாலக்கரையில், பழைய கொட்டகைக்குப் பக்கத்திலேயே, ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். வந்தவர்களில் சிலருக்கு அங்கிருந்தே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பேச வந்தால் அக்கா என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். தலைவர் பதவி கொடுக்காவிட்டாலும் தாம்பூலம் மாற்றும் பதவியை எனக்கே விட்டுவைத்தார். அதை நான் சிறப்பாகச் செய்தேன் என்று இல்லத்துப் பெண்கள் சொல்வார்கள். அரிசிப் பஞ்சம் வந்த நாட்களில் மக்காச்சோளத்தையும் கிழங்கையும் வைத்து அத்தனை பேரையும் அக்கா எப்படிச் சமாளித்தார் என்பதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஒருவரையும் இடமில்லை என்று திருப்பி அனுப்பியதில்லை. கூடத்தில் பாய் போட்டாவது படுக்க வைத்துவிடுவார். புதுக்கோட்டைப் பெண்ணுக்கும் கடிதம் எழுதிப் பார்த்தார். அவளுக்குத் திருமணமாகிவிட்டது என்று பதில் வந்தது. அந்தக் குறை அக்காவுக்குக் கடைசி வரை இருந்தது.

இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு நாள் ஐயங்கார் காட்டூருக்கு வந்து இறங்கினார். பேத்திக்குத் தஞ்சாவூரில் காலேஜில் உத்தியோகம் கிடைத்திருந்தது. வீடு பார்க்க அவளை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் முழுக்க அலைந்திருக்கிறார். போன இடமெல்லாம் ஒரே கேள்வி. கூடத்தில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஆத்துல புருஷா யாருன்னு கேக்கறா அம்மா. ஒவ்வொரு வாசல்லயும் கேக்கறா. நான் பக்கத்துல நிக்கறச்சேயே கேக்கறா" என்றார். பிறகு, "அம்மா மண்டபம் ரோட்டு அகம் காலியா இருக்கு. நீங்க எடுத்துண்டு நடத்துங்கோ" என்றார்.

அக்கா பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. பத்திரம் சங்கத்தின் பேரில்தான் எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவர் சம்மதித்தார். அந்த வீடு திறந்த அன்று அக்கா ஸ்ரீரங்கத்துக்குப் போய்க் கோயிலில் சேவித்துவிட்டு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அடிக்கடி பார்த்ததில்லை. தஞ்சாவூரிலும் இப்படி ஒன்று வர வேண்டும் என்று அதற்குப் பிறகு பேசிக்கொண்டே இருந்தார். அதற்குள் உடம்பு படுத்திவிட்டது.

வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்களில் அக்கா தனியாக இருந்த நேரம் இல்லை. மூன்று வீட்டுப் பெண்களும் டியூட்டிக்கு ஏற்றபடி முறை வைத்துக்கொண்டார்கள். அடுத்து இல்லத்தை நடத்தப்போவது யார் என்று நான் ஒரு நாள் கேட்டபோது, அவர்களே கூடிப் பேசிச் சுலோசனாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், எனக்கே நேற்றுத்தான் சொன்னார்கள் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் நிம்மதி இருந்தது. ஒரு காலை நேரத்தில், ஆரோக்கியமேரி கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் உயிர் அமைதியாகப் பிரிந்தது. எனக்கு அம்மா இரண்டாவது முறை போனது போல இருந்தது.

உடலை எங்கே கொண்டுபோவது என்ற பேச்சு ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்துவிட்டது. லால்குடியிலிருந்து வந்திருந்த அத்தான் வீட்டுப் பெரியவர்கள், கூடப் பிறந்தவன் இருக்கும்போது அவன் வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஹாஸ்டலிலிருந்து எடுப்பது சத்திரத்திலிருந்து எடுப்பது போல என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பொன்மலைக்கு ஆள் அனுப்பி வாசலில் பந்தல் போடச் சொல்லிவிட்டேன். வண்டியில் ஏறப்போகும்போது ஆரோக்கியமேரி வந்து என் முன்னால் நின்றார். நர்ஸ் உடையைக்கூட மாற்றவில்லை. அழுத கண், ஆனால் குரல் நடுங்கவில்லை.

"சார், அவங்களுக்குச் சொந்த வீடு இருக்கு. வீட்டுக்குக் கொண்டு போங்க."

கூடப் பிறந்தவனுக்கு அதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது. வண்டிக்காரரிடம் காட்டூர் என்றேன். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் பேசாமல் பின்னால் வந்தார்கள்.

கூடத்தில் அக்காவைக் கிடத்தினோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது நம் வழக்கம். அக்கம்பக்கத்தாரும் உறவினரும்தான் சோறு கொண்டுவருவார்கள். அந்த வீட்டில் இருந்ததோ நாற்பது பெண்களுக்கு மேல். பலர் அன்று மாலை டியூட்டிக்குப் போயாக வேண்டியவர்கள். இத்தனை வருஷத்தில் காட்டூர்த் தெருக்காரர்கள் எங்களைத் தொந்தரவு செய்ததும் இல்லை, வந்து உறவாடியதும் இல்லை. அவர்களுக்கு அது ஹாஸ்டல். ஹாஸ்டலுக்கு யார் துக்கச் சோறு அனுப்புவார்கள்? சுலோசனா என்னிடம் மெல்ல வந்து, ஹோட்டலில் சொல்லிவிடலாமா, இல்லை பின்கட்டு அடுப்பை மூட்டிவிடலாமா என்று கேட்டார். அக்காவின் வீட்டில் அக்கா கிடக்கும்போது அடுப்பு மூட்ட அவருக்கு மனம் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஹோட்டலுக்கு ஆள் அனுப்ப நான் வாசலுக்கு வந்தேன்.

எதிர்வீட்டு லாரி டிரைவரின் மனைவி தலையில் ஒரு பெரிய கஞ்சி அண்டாவைச் சுமந்துகொண்டு ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். பின்னால் அவர் மகள் துவையல் கிண்ணத்தோடு வந்தாள். அவர் எங்களோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. என்னைக் கடந்து நேரே உள்ளே போய், அண்டாவை இறக்கி வைத்துவிட்டுச் சுலோசனாவிடம் சொன்னார்: "அடுப்பு மூட்டாதீங்கம்மா. துக்க வீடு இது. நாங்க இருக்கோம்ல."

சுலோசனா அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதார்.

கஞ்சிக்குப் பின்னால் இட்லி வந்தது. மூலைவீட்டு முஸ்லிம் குடும்பத்திலிருந்து ஒரு தேக்சா நிறையச் சோறும் பருப்பும் வந்தன. பாலக்கரைக் கோயில் தெருவிலிருந்து காபி வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஐயங்கார் வீட்டுத் தயிர்சாதம் பித்தளைப் பாத்திரத்தில் பஸ் ஏறி வந்தது. பால் தெளித்து முடிந்த பிறகும் சில நாள் அவர்கள் நிறுத்தவில்லை. முறைப்படி கொள்ளி வைத்தவன் நான். ஆனால் அக்காவுக்குச் செய்ய வேண்டியதை ஒரு தெருவே செய்தது.

ஆகவே இந்த நன்றியை வழக்கமான வரிசையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நிலம் தந்த தலைமையாசிரியை அம்மா, கட்டிய மேஸ்திரி, ஆஸ்பத்திரியில் இரவு பகல் பார்த்த டாக்டர்கள், நர்சுகள், ஸ்ரீரங்கத்துப் பெரியவரும் அவர் துணைவியாரும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினர்கள், முகம் சுளித்தாலும் கூட வந்தவர்கள், எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். எல்லோருக்கும் மேலாக, காட்டூர்த் தெரு மக்களுக்கு. அத்தனை நாளும் எங்கள் அக்கா வீட்டில் அடுப்பு எரியவில்லை. அங்கிருந்து ஒரு பெண்கூட வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகவில்லை. சோறு அனுப்பிய ஒவ்வொரு வீட்டாருக்கும் தம்பியும் இல்லத்துப் பெண்களும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.